தாளிதத்துக்குத் தப்பிய பச்சோந்தி

யுத்தம் முடிந்திருந்தது. வன்னியிலிருந்த என் தம்பியைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. புலம்பெயர்ந்து வந்திருந்த ஹேர்னிங் நகரில் நாங்கள் தொலைபேசியைப் பார்த்தபடியே இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை, மகள் ஆசையாக வளர்க்கும் பச்சோந்தியின் கூட்டுக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான் முகாமில இருக்கிறன். சுகமா இருக்கிறன்."

அழுது, சிரித்து, பிறகு சமைக்கப் போனேன். கூட்டைத் திறந்தபடியே விட்டு ஓடியது நினைவிலேயே இல்லை.

எண்ணெயில் கடுகு வெடித்தது. வழக்கம்போலப் பாராமலே கையை நீட்டி, ஜன்னலோரக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு கொத்தைப் பிடித்தேன். கொத்து திரும்ப என் விரலைப் பிடித்தது!

நான் போட்ட கூச்சலில் மகள் ஓடிவந்தாள். "அம்மா, கையை உதறாதேங்கோ! கீழ சட்டி கொதிக்குது!" பச்சைப்பசேலென்று இருந்த பச்சோந்தியை மெதுவாக விடுவித்தாள்.

அடுத்த முறை பேசியபோது தம்பிக்குச் சொன்னேன். "நானே தப்பிட்டன், அதையும் தப்ப விடுங்கோ அக்கா" என்று சிரித்தான்.

இப்போது கறிவேப்பிலையை நன்றாகப் பார்த்தே ஒடிக்கிறேன். கூட்டைப் பூட்டிய பிறகே தொலைபேசியை எடுக்கிறேன். தம்பியின் அழைப்பென்று தெரிந்தால் மட்டும் அப்படியே ஓடிவிடுகிறேன். கூட்டை மகள் பூட்டுகிறாள்.