கடிகாரம் வேண்டாம் என்றேன்

பழைய கணினிகளுக்கு உயிர் கொடுக்கும் தொழிலில் அல்லல்படுகிறவர்களுக்கு ஒரு விடுகதை: மின்சாரம் போனாலும் தூங்காது, நாணயம் அளவு பேட்டரிதான் அதற்குச் சாப்பாடு, அது என்ன? கணினிக்குள் இருக்கும் கடிகாரம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நான்தான் அதன் அருமையை மறந்தேன்.

ஒரு கேள்வி

2006-இல் இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு கடற்கரை நூலகத்துக்காக, டி.டி.பி. கடை ஒதுக்கிய கணினிப் பெட்டி ஒன்றைச் சரிசெய்தேன். நினைவகம் மிகக் குறைவு. அதனால் லினக்ஸின் உட்கருவான கெர்னலைச் சுருக்கிக் கட்டினேன். கட்டும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கடிகாரத்தைப் படிக்கும் பகுதி வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். நூலகச் சுவரில்தான் ஒன்று தொங்குகிறதே! கூட வேலை பார்த்த கோட்டாறு நசீர் எட்டிப் பார்த்தார்.

"ஓய், அதையும் எடுத்துட்டா மெஷினு என்னைக்கும் பிறந்த நாளுலயே நிக்குமே!"

ஷெர்லியின் தேதி

ஐந்தாம் வகுப்பு ஷெர்லியின் அப்பா ஆழ்கடலுக்குப் போயிருந்தார். அவர் வந்ததும் படிக்கட்டும் என்று, வீட்டில் நடப்பதையெல்லாம் தினமும் நூலகக் கணினியில் ஒரே கோப்பில் எழுதிவந்தாள். முதல் நாள் எழுதியதை மட்டும் என் மடிக்கணினியில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். கடிகாரம் இல்லாத லினக்ஸ், திறக்கும் ஒவ்வொரு முறையும் 1970 ஜனவரி 1 என்றே தொடங்கும்; நசீர் சொன்ன பிறந்த நாள் அதுதான். ஒருநாள் ஷெர்லி திரையைக் காட்டினாள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

"சார், இது எழுபதுல எழுதினதுன்னு காட்டுது. அப்ப எங்க அப்பாவே பிறக்கல்லியே!"

பதினோரு நாள்

அடுத்த முறை பிரதி எடுத்தேன். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் தேதி பிந்தியதை இரண்டு கணினியிலும் வைத்துவிட்டு மற்றதை அழிக்கும் நிரல், நானே எழுதியது. என்னிடமிருந்த ஒரு நாள் பிரதிக்குச் சரியான தேதி. அவள் எழுதிச் சேர்த்த கோப்புக்கு 1970. நிரல் சொன்னபடி செய்தது. இரண்டு இடத்திலும் முதல் நாள் மட்டும் மிஞ்சியது. அடுத்த பதினோரு நாளும் போயின. மறுநாள் அப்பா கரையேறினார். நூலகர் செலின் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கடலுக்குப் போனவன் பத்திரமா வந்துட்டான் மக்கா, கரையில இருந்ததுல்லா காணாம போச்சு."

மறுபடியும் அதே கேள்வி

ஷெர்லி அப்பாவுக்கு நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தாள். நான்கு நாள்தான் தேறியது. நான் கெர்னலை மறுபடி கட்டி, இம்முறை கடிகாரம் வேண்டும் என்றேன். சில கிலோபைட் மிச்சம் பிடிக்கப் போய், ஒரு பிள்ளையின் பதினோரு நாளைச் செலவழித்த கெட்டிக்காரன் நான்.

அப்பா மறுபடி கடலுக்குப் போன அன்று, சரியான தேதி காட்டும் கணினியைத் திறந்துவைத்தேன். பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்றும் இருந்தது. ஷெர்லி நோட்டை எடுத்துக்கொண்டாள்.