இருநூற்று ஐம்பத்தாறுக்கு அப்பால்

கணினி என்ற சொல் அப்போது எங்கள் வாயில் வரவில்லை. 'கம்பியூட்டர்' என்போம், என் அம்மா 'மிசின்' என்பாள். எண்பதுகளின் நடுவில், பதுளை பஜாரில் ஒரு ரேடியோக் கடையின் மேல்மாடியில் அந்த மிசின் இருந்தது. ஒன்றே ஒன்று. அதற்கென்று ஒரு மேசை, மேசைக்கு விரிப்பு, மிசினுக்கு வெல்வெட் உறை, உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற சட்டம். அத்தனை மரியாதையும் அதற்குத்தான். அதைத் துடைத்து, உறை போட்டு, அதன் குணமெல்லாம் அறிந்து வைத்திருந்த எனக்கு ஆடுகிற ஸ்டூல் ஒன்று கொடுத்திருந்தார்கள்.

கடைக்காரரை நான் நானா என்று கூப்பிடுவேன். முஸ்லிம் கடைக்காரர்களைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவது. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எந்த ரேடியோவையும் பிரித்துப் பேச வைத்துவிடுவார். கம்பியூட்டரைக் கண்டால் மட்டும், மாமியார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன மாப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கொழும்பிலிருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டி வந்து வகுப்பு நடத்தினார். நானும் அதில் படித்தேன். சில மாதங்களில் மாஸ்டர் பதுளைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மூட்டை கட்டிவிட்டார். பதுளையில் குளிராம். இன்னும் உயரத்தில் நடுங்குகிற பண்டாரவளைக்காரர்கள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"தங்கச்சி, நீங்களே படிச்சுக் குடுங்களேன்" என்றார் நானா.

அன்று வீட்டுக்குப் போகிற பசறை பஸ்ஸில் நான் உட்கார்ந்து போனேனா, மிதந்து போனேனா தெரியாது. உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக் காம்பராவில் சும்மா இருந்தவள் நான். தோட்டத்தில் ஓர் ஆளுக்குப் பேர் பதிய இடமிருக்கிறது, மகளை அனுப்புகிறாயா என்று கணக்கப்பிள்ளை அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். பேர் பதிந்துவிட்டால் மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். அது கேவலமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலையில்தான் அம்மா எனக்குச் சோறு போட்டாள். ஆனால் எனக்கு அந்த மிசின் வேண்டும். பைத்தியம் பிடித்த மாதிரி வேண்டும்.

நானாவின் பேச்சுக்குப் பின்னால் ஒரு முடிச்சும் இருந்தது. அவருடைய மச்சானுக்கு அந்த மேல்மாடி அறையின் மேல் ஒரு கண். வீடியோக் கசட் வாடகைக்கு விட ஆசை. அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்கான புது வகுப்பைத் திங்கட்கிழமை தொடங்கிவிட்டால் அறை வகுப்புக்கு. இல்லையென்றால் அறை மச்சானுக்கு, மிசின் கொழும்புக்குத் திரும்பிப் போகும். இப்படி இருவரும் பேசி முடித்திருந்தார்கள். புது வகுப்புக்கான புரோகிராமை ஓட்ட மிசினின் மெமரி போதாது. இருந்தது இருநூற்று ஐம்பத்தாறு கிலோபைட். வேண்டியது அறுநூற்று நாற்பது. அதைக் கூட்டுகிற கார்ட் ஒன்று கொழும்பிலிருந்து சனிக்கிழமை ரயிலில் வந்தது. நானா பண்டாரவளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால், ஸ்டேஷனில் பார்சலை எடுத்து வீட்டில் பத்திரமாக வைத்திருந்து திங்கட்கிழமை கொண்டுவரும்படி என்னிடம் சொல்லியிருந்தார்.

பார்சலை மடியில் கைக்குழந்தையை வைத்திருப்பது போல வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் ஒரு அம்மா கருவாட்டுப் பார்சலோடு சாய்ந்து சாய்ந்து தூங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் அவளை முழங்கையால் தள்ளிக்கொண்டே வந்தேன். வீட்டில் தகரப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். மறுநாள் ஞாயிறு சரஸ்வதி பூசை. பகல் முழுவதும் தோட்டத்துக் கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் பதுளைக்கு ஏறினேன்.

மிசினின் மூடியைக் கழற்றினோம். கார்ட் பச்சை நிறப் பலகை. அதன் ஓர் ஓரத்தில் வரிசையாகப் பொன் பற்கள். அந்தப் பற்களை மிசினுக்குள் இருக்கும் நீண்ட வெட்டுக்குள் இறக்க வேண்டும். மாஸ்டர் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். இறக்கினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. நானா "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டார்.

காற்றாடி சுழன்றது. அவ்வளவுதான். வழக்கமாக வரும் 'பீப்' வரவில்லை. திரை கரிச்சட்டியாக இருந்தது.

மறுபடி போட்டோம். கரிச்சட்டி. கார்டைக் கழற்றிவிட்டுப் போட்டால் 'பீப்' என்று எழும்பி, திரையில் எண்கள் ஓடி, இருநூற்று ஐம்பத்தாறில் நின்று, ஒழுங்காக வேலை செய்தது. கார்டைப் போட்டால் செத்துவிடும். உள்ளே கடுகளவு சுவிட்சுகள் ஒரு வரிசை உண்டு. மெமரி எவ்வளவு என்று மிசினுக்குச் சொல்வது அவைதான். அவற்றைப் புத்தகத்தில் இருந்தபடி தள்ளிப் பார்த்தேன். பலனில்லை. முதல் வெட்டிலிருந்து எடுத்து இரண்டாம் வெட்டில் போட்டேன். அதுவும் இல்லை.

"வர்ற வழியில கீழ கீழ போட்டீங்களா தங்கச்சி?" என்று நானா மெதுவாகத்தான் கேட்டார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "பஸ்ல நான் தும்மக்கூட இல்ல நானா" என்றேன். அதற்குப் பிறகு சிறிது நேரம் இருவரும் மிசினிடம் மட்டும் பேசினோம்.

நானா கொழும்பு மாஸ்டருக்கு ட்ரங்க் கோல் போட்டார். நானா கத்திய கத்தலில் எங்கள் மிசின் படுத்துவிட்ட செய்தி பஜார் முழுவதற்கும் தெரிந்தது. மாஸ்டர் யோசிக்கவே இல்லை. கார்ட் பழுது, திருப்பி அனுப்புங்கள், மாற்றி வர இரண்டு மூன்று வாரம் போகும் என்று சொல்லி வைத்துவிட்டார். மச்சான் இஞ்சி டேப்போடு மேலே வந்து சுவரை அளக்கத் தொடங்கினார். கசட் தட்டு அடிக்கவாம். நான் அந்த மனிதரைப் பார்த்த பார்வையில் டேப் தானாகச் சுருண்டிருக்க வேண்டும்.

மத்தியானம் தாண்டியது. புது வகுப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மாவட்டக் கச்சேரியிலிருந்து கிளாக்குமார், ஆஸ்பத்திரிக் கந்தோரிலிருந்து ஒருவர், ஒரு வாத்தியார். எல்லாரையும் நானா கீழே உட்கார வைத்து பிளேன்டீ கொடுத்தார். அது முடிந்ததும் இன்னொரு பிளேன்டீ. மாடிப்படியில் நின்று, வாய் திறக்காமல் கையை மட்டும் விரித்து என்னைக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். நாளைக்குக் காலையில் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நிற்பதை நினைத்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கார்டை மறுபடி வெளியே எடுத்தேன். எங்காவது விரிசல் இருக்கிறதா என்று பார்க்க முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அப்போதுதான் அந்த வாசம் அடித்தது.

சந்தனம்.

நானா மேலே வந்தார். "யாரு இங்க பத்தி கொளுத்தின?" என்று கேட்டு மூக்கை உறிஞ்சினார். பத்தியில்லை. காலையிலிருந்து சூடேறிய மிசினுக்குள்ளிருந்தே வந்தது வாசம். பல் வரிசையை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். பொன்னின் மேல் பொன் மாதிரியே ஒரு மெல்லிய மஞ்சள் படலம், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடியாக வந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சரஸ்வதி பூசையன்று எங்கள் லயத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு, கொழுந்துக் கூடைக்குப் பொட்டு, மண்வெட்டிக்குப் பொட்டு. அவரவர் வயிற்றைக் கழுவுகிற சாமானைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிடுவது. அம்மா என் வயிற்றைக் கழுவப்போகிற சாமானையும் வைத்திருக்கிறாள்.

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? இரண்டையும் செய்தேன். நானாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னையும் கார்டையும் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"எங்கட உம்மாவும் புதுசா ரேடியோ வந்தா ஓதி ஊதுவாங்க. ஊதினா சாமானுக்கு ஒண்டும் ஆகாது. உங்கட அம்மாக்கிட்ட சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பத்துக் கைகள் முளைத்தன. அவர் கீழே ஓடி, ரேடியோ துடைக்கிற ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தார். நான் பென்சில் அழிறப்பரால் பல் பல்லாகத் தேய்த்தேன். அழிறப்பர் மஞ்சளாகியது. பல் பளபளத்தது. கார்டை இறக்கிச் சுவிட்சைப் போட்டோம்.

கரிச்சட்டி.

நானா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "விடுங்க தங்கச்சி. அல்லாஹ் நாடல்ல" என்றார். கீழே யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது பிளேன்டீயும் முடிந்திருக்க வேண்டும்.

விட மனசு வரவில்லை. கார்ட் சுத்தம். அப்படியென்றால் அழுக்கு எங்கே? காலையிலிருந்து சந்தனத்தோடு அதை இரண்டு வெட்டுக்குள்ளும் மாற்றி மாற்றிக் குத்தியது நான்தானே. பல்லில் இருந்ததில் பாதியை அங்கே ஊட்டிவிட்டிருக்கிறேன். அவ்வளவு ஒடுக்கமான இடத்தைத் துடைக்க நேரமில்லை. ஆனால் கடைசி மூலையில், வயர்களுக்குப் பின்னால், இன்னும் ஒரு வெட்டு இருந்தது. கை போகச் சிரமம் என்று நான் அதைத் தொடவே இல்லை.

"நானா, இந்த வயரக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

அவர் பிடித்தார். விரலில் கீறல் விழ, கார்டை அந்தப் புது வெட்டுக்குள் இறக்கினேன். இம்முறை சுவிட்சை நானே போட்டேன்.

'பீப்.'

இத்தனை வருடங்களில் எத்தனையோ மிசின்களை எழுப்பியிருக்கிறேன். அந்த 'பீப்' போல ஒன்று பிறகு காதில் விழவில்லை. திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. அறுபத்து நான்கு. நூற்று இருபத்தெட்டு. நானா வயரை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். இருநூற்று ஐம்பத்தாறு வந்தது. வழக்கமாக நிற்கிற இடம். நிற்காமல் ஓடியது. முன்னூற்று இருபது. நானூறு தாண்டியது. ஐந்நூறு தாண்டியது. நான் மேசையைக் கையால் தட்டிக்கொண்டே எண்ணியிருக்கிறேன். நானா பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும். அறுநூற்று நாற்பதில் வந்து நின்றது.

நானா மாடிப்படியில் நின்று கீழே பார்த்து, "மேல வாங்க, எல்லாரும் வாங்க. டீச்சர் ரெடி" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கே ஒரு கணம் விளங்கவில்லை. மச்சான் இஞ்சி டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வகுப்புக்காரர்களுக்கு வழிவிட்டு இறங்கிப் போனார்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தேன். அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து முகம் கழுவி, அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நல்ல செய்தியை ஒளித்து வைத்து, முதலில் விசாரணை நடத்தத் தீர்மானித்தேன்.

"அம்மா, நேத்து அந்தப் பெட்டியத் தொறந்தியா?"

"ஆமா. கத்தி, கூடைக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டு ஒன் சாமானுக்கு மட்டும் வெக்காம வுடுவனா?" என்றாள், ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "தங்கமா மின்னுச்சு. அதான் மூஞ்சியா இருக்கும்னு அந்தப் பக்கமா வெச்சேன். பொறகு நெனச்சேன், நானா கடைக்குப் போற சாமான், அவங்க மார்க்கம் வேற. ஈரத் துணியால நல்லாத் தொடச்சிட்டேன்."

ஒரு பொட்டாக இருந்ததை எல்லாப் பல்லுக்கும் பூசிவிட்டது அந்த நல்ல மனசுதான். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். செத்த மிசின், ட்ரங்க் கோல், மச்சானின் டேப், அழிறப்பர், மூலை வெட்டு. அம்மா முழுவதும் கேட்டாள்.

"இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"அப்பறம் என்ன?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடாம போயிருந்தா? நாளைக்கு நான் கணக்கப்பிள்ளகிட்டத்தான் போய் நின்னிருக்கணும், தெரியுமா?"

"அங்க போயி நிக்க ஏலாது" என்றாள் அம்மா. "காலையிலேயே பெரட்டுல வெச்சு அவருகிட்டச் சொல்லிட்டேன். எம்மக வரமாட்டா, அந்த எடத்துக்கு மேல் லயத்துப் புள்ளைய எடுத்துக்கங்கன்னு. அவருஞ் சரின்னுட்டாரு."

காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடிய நேரத்தில் நான் பஸ்ஸில் இருந்தேன். கார்ட் என் மடியில் இருந்தது. திரும்பி வருவதற்கு எனக்கு வைத்திருந்த ஒரே இடத்தை அம்மா அந்த நேரத்தில் வேறொருத்திக்குக் கொடுத்திருக்கிறாள்.

"மிசின் ஓடுமான்னே அப்பத் தெரியாதேம்மா."

"பொட்டு வெச்சாச்சே" என்றாள் அம்மா. நான் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவள் நீட்டிய ரொட்டியை வாங்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். அம்மா அடுத்த ரொட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.