நாலாவது மேஜை மலேரியா

எண்பதுகளில் நான் தாம்பரத்தில் விலங்கியல் படித்தபோது, எங்கள் துறையில் மலேரியா ஸ்லைடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். செய்முறைத் தேர்வில் அதை எப்போதும் நாலாவது மேஜை மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். மனிதரைத் தாக்கும் பிளாஸ்மோடியம் நாலு வகை, வைவாக்ஸ், ஓவேல், மலேரியே, ஃபால்சிபாரம் என்று புத்தகம் சொன்னது. எங்களுக்குக் கடைசி ஒன்று போதும். லென்ஸில் கண்ணை வைப்பதுகூட மரியாதைக்குத்தான்.

"நாலாவது மேஜையா? ஃபால்சிபாரம்னு எழுதிட்டுப் போய்க்கினே இரு மச்சான்." சீனியர்கள் எங்களுக்கு விட்டுப்போன சொத்து அது.

இறுதி ஆண்டில் எனக்கே மலேரியா வந்தது, சிட்லபாக்கம் கொசுக்களின் உபயம். நடுங்கிக்கொண்டே லீவு லெட்டரை நீட்டினேன். பேராசிரியர் லெட்டரை விட்டுவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டார். ஆய்வக உதவியாளர் பஞ்சோடு நிற்க, ஊசியால் குத்தி ஆறு ஸ்லைடு எடுத்தார். சாயமேற்றிப் பார்த்துவிட்டு, "வைவாக்ஸ். என்ன அழகா இருக்குப்பா" என்றார். எந்த டெஸ்டிலும் அவர் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

மூன்று வாரம் படுக்கை. செய்முறையில் தவறினால் டிகிரி ஆறு மாதம் தள்ளிப்போகும். அப்பாவோ, பையன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டான் என்று சொந்தக்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். பயமாகத்தான் இருந்தது.

தேர்வன்று நாலாவது மேஜையில் ஃபால்சிபாரம் என்று எழுதி, அதன் அடையாளமான பிறை வடிவத்தையும் வரைந்து வைத்தேன். வெளியூர்த் தேர்வாளர் என் தாளைப் பார்த்தார், பிறகு லென்ஸில் பார்த்தார்.

"இதுல பிறை எங்கேப்பா இருக்கு?"

நான் படுத்திருந்தபோது பழைய ஸ்லைடு உடைந்துபோனதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு நல்லது செய்வதாக நினைத்து உதவியாளர் முன்னால் வந்தார். "சார், அது இவரு ரத்தம்தான் சார். நான்தான் பஞ்சு புடிச்சிக்கினு நின்னேன்."

"உன்னை மூணு வாரம் படுக்க வச்சதை உனக்கே அடையாளம் தெரியலையா?" என்று கேட்டுவிட்டுத் தேர்வாளர் சிவப்பு மையில் சுழித்தார். இரண்டு மார்க்கில் போய்விட்டது. வீட்டில் அதைச் சொன்னதற்குக் குளிர்காய்ச்சலே தேவலை.

அக்டோபரில் மறுபடி எழுதினேன். அதே நாலாவது மேஜை. லென்ஸில் கண்ணை வைத்தேன், மரியாதைக்கு. வைவாக்ஸ் என்று எழுதினேன். பாஸ்.

இன்றுவரை அந்தக் கிருமியை நான் பார்த்ததில்லை.