உப்பளத்தில் நான் மாற்றிச் சொன்ன வாக்கியம்

பிஜித் தீவில், லம்பாசா ஊருக்கு வெளியே, அலையாத்திக் காட்டை ஒட்டிய சேற்று வெளியில் ஒரு கம்பெனி உப்பளம் போட்டிருந்தது. மழை இல்லாத மாதங்களில் கடல்நீரைப் பாத்திகளில் தேக்கிக் காயவைத்து உப்பு வாருவார்கள். அங்கே ஆபீஸில் நான் டைப் அடிக்கும் பெண். ஆனால் மேனேஜர் என்னை எடுத்தது டைப்புக்காக இல்லை. என் அப்பாவின் கரும்புத் தோட்டம் பூர்வகுடிப் பிஜியர் கிராமத்தை ஒட்டி இருந்தது. அந்தப் பிள்ளைகளோடு விளையாடியே அவர்கள் பாஷை எனக்கு வந்துவிட்டது. உப்பள நிலம் அந்தக் கிராமத்துக்குச் சொந்தம். கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. மேனேஜர் ஆஸ்திரேலியாக்காரர். இரண்டு தரப்புக்கும் நடுவில் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கம்பெனி கட்டிய மண்கரை ஓர் ஓடையை அடைத்துவிட்டது. அலை ஏறும்போது அந்த ஓடை வழியாகத்தான் காட்டுக்குள் தண்ணீர் போகும். அது நின்றதும் மரங்களின் இலை பழுத்து உதிர ஆரம்பித்தது. நண்டு குறைந்தது. நண்டு பிடித்து லம்பாசா சந்தையில் விற்பது கிராமத்துப் பெண்களின் பிழைப்பு.

ஒரு நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். முன்னால் வந்த அம்மாவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கணவரை இழந்தவர். அவருடைய மகனோடு நான் ஆற்றில் நீந்தியிருக்கிறேன். அவர் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு தின்றிருக்கிறேன். நானும் அவரை அம்மா என்றுதான் அவர்கள் பாஷையில் கூப்பிடுவேன்.

அவர், இடித்துக் கரைத்துக் குடிக்கும் நங்கோனா வேரில் ஒரு கட்டை மேனேஜர் முன்னால் வைத்து, கரையில் ஒரு மதகு வைத்துத் தரும்படி கேட்டார். அந்த வேரைக் கையில் எடுத்தால் கேட்டதை ஒப்புக்கொண்டதாக அவர்கள் வழக்கத்தில் அர்த்தம். மேனேஜருக்கு அது தெரியாது. ஏதோ அன்பளிப்பு என்று சிரித்தபடி எடுத்து அலமாரியில் வைத்தார். நானும் சொல்லவில்லை.

"பார்க்கலாம்னு சொல்லு. ஆனா எதுக்கும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடக் கூடாது" என்றார் என்னிடம்.

நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "மதகு வெச்சுத் தர்றேன்னு சொல்றார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மை அதைவிடச் சின்னது. எல்லோரும் சண்டையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும், என்மேல் யாருக்கும் கோபம் வரக் கூடாது. அவ்வளவுதான். பெண்கள் உள்ளங்கையைக் குவித்து மரியாதையாகக் கைதட்டினார்கள். அவர்கள் போனதும் மேனேஜர், "நல்லா சமாளிச்சே" என்றார்.

மதகு வரவில்லை. சந்தையில் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா கேட்பார். "சாமான் சுவாவிலிருந்து கப்பல்ல வரணும்" என்பேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னும் நாலு.

அந்த வருஷம்தான், இந்தியர்கள் அதிகம் இருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து, பிஜியர் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ரேடியோ அறிவித்த இரண்டாம் நாள் மேனேஜர் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். வேலையாட்கள் வருவதை நிறுத்தினார்கள். ஊரில் இந்தியர் வீடுகள் சிலவற்றில் கல் விழுந்தது. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு மத்தியானம் பிஜிய இளைஞர்கள் சிலர் அவரைச் சாலையில் மறித்து, காரை விட்டு இறக்கி, ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார்.

"உன்னோட நீந்தினவனும் அங்கதான் இருந்தான். என்னைக் கண்ணெடுத்தும் பார்க்கல" என்றார். பிறகு, "நாம போயிடலாம்" என்றார்.

மறுநாள் காலை அந்த அம்மாவே வந்தார், கூட நாலு பெண்கள். மகனைப் பற்றிப் பேசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று, "என் பையன் செஞ்சது எனக்குத் தெரியும். உன் புருஷன்கிட்ட அவனையே வந்து சொல்ல வைக்கிறேன்" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இன்னொண்ணும் கேக்கணும். வெள்ளைக்காரர் போயிட்டார். கொடுத்த வாக்கு என்ன ஆச்சு?"

இன்னொரு பொய் நாக்கு வரைக்கும் வந்தது. முந்தின நாள் என் கணவர் உட்கார்ந்திருந்த விதம் ஞாபகம் வந்ததாலோ என்னவோ, சொல்ல முடியவில்லை.

"அவர் வாக்கே கொடுக்கலை அம்மா. பார்க்கலாம்னுதான் சொன்னார். நான்தான் மாத்திச் சொன்னேன்."

பெண்களில் ஒருத்தி ஏதோ கத்தினாள். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே எங்க பெரியவங்ககிட்ட போயிருப்போம். நீ சொன்னதால காத்திருந்தோம். அந்தக் காடு பாதி செத்துப்போச்சு."

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு உப்பளத்துக்கு நடந்தேன். சாமான் கொட்டகையைத் திறந்து மண்வெட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை நானும் எடுத்துக்கொண்டேன். ஓடை இருந்த இடத்தில் கரையை வெட்டினோம். காய்ந்த மண் இறுகிக் கிடந்தது. உள்ளங்கை கொப்புளித்தது. மத்தியானம் அலை ஏறியபோது தண்ணீர் முதலில் கசிந்து, பிறகு கரையைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. காட்டுக்குள்ளும் போனது, பக்கத்து இரண்டு பாத்திகளிலும் ஏறி உப்பைக் கரைத்தது. யாரும் சிரிக்கவில்லை. சேற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

சில வாரம் கழித்து மேனேஜர் திரும்பினார். கரையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு நான் மாற்றிச் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், வேர்க்கட்டின் அர்த்தத்தையும் சேர்த்து. "உன்னை நம்பித்தானே நான் அவங்களோட பேசினேன்" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். அதை நானே டைப் அடித்தேன். குத்தகை போய்விடுமோ என்ற பயத்திலோ, மனம் மாறியோ, வெட்டின இடத்தில் கம்பெனி ஒரு மர மதகு வைத்தது. காட்டின் செத்த பகுதி நான் இருந்த வரைக்கும் தளிர்க்கவில்லை. நண்டு கொஞ்சம் வந்தது.

அந்த அம்மாவின் மகன் வந்தான். என் கணவர் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். கணவர் தலையாட்டினார். ஆனால் சிட்னியில் குடியேற எழுதிப்போட்டிருந்த விண்ணப்பத்தை அவர் திரும்பப் பெறவில்லை.

விசா வந்தது. கிளம்பும் நாள் அந்த அம்மா லம்பாசா விமான நிலையத்துக்கு எனக்குக் கொடுக்க, தான் பின்னிய ஒரு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைத் தனியே இழுத்து, "எங்களாலயா போறீங்க?" என்று கேட்டார்.

பிள்ளைகள் படிப்பு, கணவரின் தம்பி அங்கே இருக்கிறார் என்று எத்தனையோ காரணம் தயாராக இருந்தது. எல்லாம் நிஜமும்தான்.

"ஆமாம்மா, உங்களாலயும்தான்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. பிடித்திருந்த என் கையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. விமானத்துக்குக் கூப்பிடும்வரை கையைப் பிடித்தபடியே நின்றோம்.