பத்தரை மணித்தியால நோன்பு

மாணவர் பரிமாற்றம் என்றுதான் சொன்னார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து நான் போனேன். பதிலுக்கு அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் எங்கள் கரைக்கு வரத் துணிந்த வெள்ளைக்காரர்கள் கொடி கட்டிய ஜீப்பில் வந்து, வெயில் தாழுமுன் திரும்பிப் போகிறவர்களாகத்தான் இருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் வட கோடியில், ஒரே ஒரு சந்தியில் மட்டும் சிக்னல் லைட் வைத்திருந்த ஒரு சின்ன ஊர். அந்த லைட்டை ஊர்க்காரர் பெருமையோடு எனக்குக் காட்டினார்கள். எனக்கு வயது பதினேழு. என்னைத் தங்கவைத்த வீட்டில் கணவன், மனைவி இருவர் மட்டும். அவர் உழவு இயந்திரங்கள் திருத்துகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மிச்சம் எல்லாவற்றையும் மனைவி பேசினார். வந்த முதல் வாரத்திலேயே, "உங்கள் ஊரில் உட்காரக் கதிரை இருக்கிறதா?" என்று அக்கறையாக விசாரித்தார். இருக்கிறது என்றேன். நம்பினாரா தெரியாது.

மார்கழிக் குளிரில் நோன்பு வந்தது. பாடசாலையில் செய்தி பரவியதும் ஒவ்வொருவராக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாயா?" மாட்டேன் என்றதும் மரண தண்டனைக் கைதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் ஓடவேண்டாம் என்றார். கணித ஆசிரியை வீட்டுப்பாடம் பிந்தினாலும் பரவாயில்லை என்றார். ஊர்ப் பத்திரிகை என் படத்தைப் போட்டு, பசியோடு படிக்கும் மாணவன் என்று எழுதியது.

ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. அங்கே விடிவது ஏழரைக்குப் பிறகு. பொழுது படுவது நாலரைக்கு. விடியுமுன் சாப்பிடும் சஹர் முடியும் ஆறு மணியிலிருந்து எண்ணினாலும் முழு நோன்பு பத்தரை மணித்தியாலம்தான். குளிரில் தாகம் என்ற ஒன்றே இல்லை. ஊரிலே என் வயதுப் பொடியன்கள் வெயிலில் பதின்மூன்று மணித்தியாலம் காய்ந்துகொண்டிருக்க, நான் நூலகத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் தூங்கித் தியாகியாகிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகைத் துண்டை வீட்டுக்காரம்மா என் வீட்டுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். அது போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, கல்முனையில் ஒரு கொமினிகேசன் கடையிலிருந்து உம்மா எனக்குப் போன் கோல் எடுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களின் சத்தமும் சேர்ந்து கேட்டது.

"மகன், அந்தப் பனிக்குள்ள நோம்பெல்லாம் பிடிக்கிறயா?"

"ஓம் உம்மா."

"அல்லாஹ்வே! எத்தின மணிக்கி திறக்கிற?"

"பொழுது பட்டோண்ண." பொய் இல்லையே.

உம்மா அழத் தொடங்க, வாப்பா போனைப் பறித்தார். "அழுறதுக்கு என்ன இரிக்கி? மகன், பேப்பர்ல உன்ட படத்த ஊருக்கெல்லாம் காட்டிட்டன். பள்ளிவாசல்லயும் கதைச்சாங்க." அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

நோன்பு திறக்கும் நேரத்தை எப்படி அறிவாய் என்று வீட்டுக்காரர் முதல் நாளே கேட்டிருந்தார். ஊரில் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். மறுநாளிலிருந்து பத்திரிகையின் வானிலை மூலையில் சூரியன் மறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வேலையை விட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி யன்னலோரம் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பார். நேரம் வந்ததும் என் பக்கம் திரும்பி, "ஓகே" என்பார். அந்த வருடம் எனக்குக் கேட்ட பாங்கு அதுதான். நோன்பு திறக்கிற ஈச்சம்பழத்துக்கு, கேக்கில் போடுவதற்கென்று கடையில் துண்டு துண்டாக வெட்டி விற்றதை வாங்கி வைத்திருந்தோம். ஒற்றைப்படையாகத் தின்னவேண்டும் என்பதால், எத்தனை துண்டு ஒரு முழுப்பழம் என்று ஊகித்து எண்ணிச் சாப்பிடுவேன்.

நடுப்பகுதி நோன்பில் ஒரு நாள். காலையிலிருந்து பனி கொட்டி வானம் சாம்பலாக இருந்தது. வழமைபோல "ஓகே" வந்தது. தண்ணீர் குடித்து, பழம் தின்று, சூப்பில் பாதி முடித்திருப்பேன். மேகம் மெல்ல விலகியது. பக்கத்துத் தானியக் களஞ்சியத்தின் கூரைக்கு மேலே, தோடம்பழம் போல, முழுச் சூரியன்.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அவர் பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். சூரியனின் வரிக்குக் கீழே சந்திரன் உதிக்கும் நேரம். அதைத்தான் வாசித்திருந்தார். நான் கரண்டியை வைத்தேன். மிச்ச இருபது நிமிடமும் சூப் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதற்கு இனி என்ன செய்வது?" என்று கேட்டார்.

"பெருநாளுக்குப் பிறகு ஒரு நோன்பு பிடித்தால் சரி."

"யார்?"

"நான்."

"பிழை விட்டது நானல்லவா?"

மார்க்கத்தில் அப்படி இல்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே போய், சுவரிலிருந்த கலண்டரில் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமையை வட்டம் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவரும் நோன்பு. சாப்பாடு அவருக்குப் பெரிய விசயமில்லை. கோப்பிதான். நாளுக்கு எட்டுக் கோப்பை குடிக்கிற மனிதர், ஒன்பது மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டார். பத்து மணிக்கு, இருபது வருட வாடிக்கையாளர் ஒருவரைப் பட்டறையை விட்டு வெளியே போகச் சொன்னார். மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் விபரீதமாக, பேசத் தொடங்கினார். நான் பக்கத்தில் ஆணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். தான் இந்த மாநிலத்தை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை என்றார். என்னை வீட்டுக்கு எடுக்கச் சம்மதித்த அன்று பயந்து நித்திரை கொள்ளவில்லை என்றார்.

"நீ வருமுன் நூலகத்துக்குப் போய் அட்லஸில் உன் ஊரைத் தேடினேன். இல்லை."

"சின்ன ஊர்," என்றேன், கல்முனை மக்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

"பிறகு என் ஊரைத் தேடினேன். அதுவும் இல்லை."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் பெரிய ஆணி ஒன்றைச் சின்ன ஆணிகளோடு போட்டுவிட்டேன். நோன்பினால் என்று அவர் நினைத்திருப்பார்.

ஊர் திரும்பிய பிறகு வாப்பாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தரை மணித்தியாலம் என்றதும் அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "வெளியில கதைச்சிராத," என்றார். திரும்பி வந்து, "அந்த மனிசன் கோப்பியும் இல்லாமயா இரிந்தாரு?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா."

மறுநாளே பக்கத்து ஊரான மருதமுனைக்குப் போய், நெசவுக்காரரிடம் நேரில் சொல்லி, இடுப்பில் உடுக்க நல்ல கனத்த சாரன் ஒன்று வாங்கி வந்தார். அதை அனுப்பிவைத்தோம். அங்கே பனிக்காலம் வந்ததும் வீட்டுக்காரம்மாவின் கடிதத்தோடு ஒரு படம் வந்தது. பட்டறை வாசலில், பனிக்குள், காற்சட்டைக்கு மேலே சாரனைச் சுற்றி, அதற்கு மேலே இடுப்புப் பட்டியும் போட்டு இறுக்கி, அவர் நிமிர்ந்து நின்றார். வாப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கட்டத் தெரியல்ல," என்றார். பிறகு அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.