இருபதுக்கு இருபது வாங்கிய விடைத்தாள்

என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கும் பெயர் ‘யார்சொன்னா டீச்சர்’. பெயர் வைப்பதில் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது. இருபத்திரண்டு வருடமாகக் கூடவே குடித்தனம் நடத்தும் எனக்குக்கூட இதைவிடப் பொருத்தமாக ஒன்று தோன்றியதில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று நான் சொன்னால் போதும், “யாரு சொன்னா?” என்பாள். வானத்தைக் காட்டினால், “வானம் சொல்லுச்சா, இல்ல உங்களுக்கு வண்டி துடைக்கச் சோம்பலா?” என்று அடுத்த கேள்வி வரும்.

நான் மின்சார ஆபீசில் மீட்டர் கணக்கெடுப்பவன். வீடு வீடாகப் போய் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். என் வேலையில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே கிடையாது. அவள் பிழைப்பு முழுக்க அதில்தான் ஓடுகிறது. பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறாள். வாரத்தில் ஒரு பீரியட் உலக விஷயங்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறாள். ஒரே செய்தியை நாலு பத்திரிகைகளிலிருந்து வெட்டி, பத்திரிகையின் பெயர் தெரியாதபடி கத்தரித்து, அட்டையில் ஒட்டிக்கொண்டு போவாள். எழுதியது யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் நான் பத்திரிகையை விரிப்பதற்குள் அதில் நாலு ஜன்னல் விழுந்திருக்கும். ஜன்னல் வழியாக எதிரில் உட்கார்ந்திருக்கும் அவள் முகம் தெரியும்.

அவளுக்கு மிகவும் பிடித்த பாடம் குப்பைக் கப்பல். பணக்கார நாடுகள் தங்கள் பிளாஸ்டிக் குப்பையைக் கப்பலில் ஏற்றி ஏழை நாடுகளுக்கு அனுப்புகிற விவகாரம். கப்பலை அனுப்புகிறவன் என்ன சொல்வான், வாங்குகிற கொட்டகை முதலாளி என்ன சொல்வார், பிரிக்கிற தொழிலாளி என்ன சொல்வார் என்று வகுப்பு மூன்று அணியாகப் பிரிந்து மோதும். கடைசியில் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுவாள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்த படம். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியும் ஒரு சின்னப் பையனும் பிளாஸ்டிக் மூட்டைகளின்மேல் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஏதோ ஒரு தூர தேசத்தின் பெயரைப் போட்டு, அங்கே குப்பை பிரிக்கும் குழந்தைத் தொழிலாளர்கள் என்று அச்சிட்டிருந்தார்கள். “இந்தப் பொண்ணு என்ன சொல்லுவா? அவ இடத்துல இருந்து எழுதுங்க” என்பதுதான் வீட்டுப்பாடம்.

எட்டு வருடத்துக்கு முன்னால், இந்தப் பாடத்தை முதன்முதலாக எடுத்தபோது, ஒரு மாணவி எழுதிய பதில் இவளை உலுக்கிவிட்டது. ‘என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லை’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். என்னிடம் அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள். யாருக்கும் பதினாறுக்குமேல் போடாத மகராசி அதற்கு இருபதுக்கு இருபது போட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த விடைத்தாளை வகுப்பில் படித்து, “இன்னொருத்தர் பார்வைன்னா இப்படித்தான் இருக்கணும்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

இந்த வருடம் அந்தப் பாடத்தன்று அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. படத்தைத் தூக்கிக் காட்டிப் பேச முடியாததால் பெஞ்சுக்குப் பெஞ்சு கைமாற்றி அனுப்பினாள். கடைசி பெஞ்சில் ஒரு பெண். பிள்ளைகள் அவளைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். எதையும் மூக்குக்கு நேரே வைத்துப் பார்க்கிறவள். அவள் எழுந்து, “டீச்சர், அந்த நாட்டுச் சுவத்துல நம்ம எழுத்து எப்படி வந்துச்சு?” என்று கேட்டாள்.

படத்தின் மூலையில், ஒரு மூட்டைக்குப் பின்னால் பாதி மறைந்த மீட்டர் பெட்டிக்கு மேலே சுவரில், ‘மின் இணைப்பு எண்’ என்று தமிழில் பெயின்டால் எழுதி, பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தது.

அன்று சாயங்காலம் படம் என் கைக்கு வந்தது. எட்டு வருடமாக எனக்கு ஒருமுறைகூடக் காட்டாத படம். பார்த்ததும் சொல்லிவிட்டேன். “இது சர்வீஸ் நம்பர். நம்ம ஊரு. ரயில்வே கேட் பக்கத்து லைன். நான் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் போற கொட்டகை இது.”

“யாரு சொன்னா?” என்று அவள் கேட்கவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் விசாரிக்கச் சொல்லிக்கொடுத்தவள், படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்ததை ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பியிருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது டீச்சருக்கும் பொருந்தும். வேறு சமயமாக இருந்தால் ஒரு மாதத்துக்கு இதை வைத்தே கேலி செய்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

“நான் எட்டு வருஷமா பொய்யைச் சொல்லிக்கொடுத்தேனா, இல்லையா? எனக்கு அது தெரியணும்” என்றாள்.

சனிக்கிழமை கொட்டகைக்குப் போனோம். முதலாளி என்று பெயர்தான். நாலு ஆட்களோடு தானும் சேர்ந்து மூட்டை பிரிக்கிற மனிதர். படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, இருமிக்கொண்டே சிரித்தார்.

“அட, என் பொண்ணும் பையனும்! பொண்ணு நாலாவது படிக்கறப்ப யாரோ ஒரு போட்டோக்காரர் வந்து எடுத்துட்டுப் போனாரு. ஒரு காப்பி அனுப்பறேன்னாரு, அனுப்பவே இல்ல. இது உங்க கையில எப்படி டீச்சரம்மா?”

“ஒரு பத்திரிகையில வந்துச்சு” என்று மட்டும் சொன்னாள்.

“பொண்ணு உங்ககிட்டதானே பத்தாவது படிச்சா! உங்க பாடத்துல ஒரு தடவை இருபதுக்கு இருபது வாங்கிட்டு வந்தாளே. நீங்க அப்படியெல்லாம் போட மாட்டீங்கன்னு சொல்லுவா.”

என் மனைவி பக்கத்தில் இருந்த மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். அந்த இரண்டு பக்கத்தை எழுதியவளும் படத்தில் இருப்பவளும் ஒருத்திதான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்தப் பெண் இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கொட்டகையிலிருந்து நேராக அங்கே போனோம். ஒரு பெரியவரின் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“டீச்சர்! உங்களுக்கும் சுகரா?”

“டெஸ்ட்டுக்கு வரலம்மா” என்று இவள் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பெண் சிரித்தாள். “இன்னும் வச்சிருக்கீங்களா?”

“இது நீதானே?”

“நானும் தம்பியும். ஸ்கூல் லீவு, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனோம். அந்தப் போட்டோக்காரர் மூட்டை மேல உக்காரச் சொன்னாரு. எங்களுக்குச் சிரிப்பா வந்துச்சு. சிரிக்காதீங்கன்னு மூணு தடவை சொல்லித்தான் இதை எடுத்தாரு.”

“அன்னைக்கே ஏம்மா சொல்லல?”

அவள் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். “எப்படிச் சொல்றது டீச்சர்? இந்தக் குழந்தைக்குச் சிரிக்கவே மறந்துபோச்சுன்னு சொன்னீங்க. சொல்றப்ப உங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சு. என் பக்கத்துல இருந்தவ அழுதுட்டா. அப்ப நான் எழுந்து, அது நான்தான், எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லணுமா? வீட்டுக்குப் போய் உங்களுக்கு எது பிடிக்குமோ அதை எழுதினேன். முழு மார்க் போட்டீங்க.”

“அப்ப அதுல எழுதினதெல்லாம்?”

“ஒரு வரிகூட என்னோடது இல்ல. அதுக்காக அந்தக் குப்பை நல்லதுன்னு நான் சொல்லல டீச்சர். அப்பாவுக்கு இருமல் இன்னும் நிக்கல. கப்பலை அனுப்பறவங்க மேல எனக்கும் கோவம் உண்டு. ஆனா அதை யாரும் என்கிட்ட கேக்கல. அழற பொண்ணு என்ன சொல்லுவான்னுதான் கேட்டீங்க.”

என் மனைவி படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, “இதை கிளாஸ்ல சொல்லலாமா?” என்று கேட்டாள்.

“சொல்லுங்க. என் பேரு வேண்டாம். நான் எழுதினதை வருஷா வருஷம் கிளாஸ்ல படிக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். இனிமே படிக்காதீங்க, அது போதும்.”

என் மனைவி சரி என்றாள், நன்றி சொன்னாள். அடுத்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார், நாங்கள் கிளம்பினோம். ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் அழுதாள். “இன்னும் எத்தனை பேரு என் முகத்தைப் பார்த்து எழுதினாங்களோ?” என்றாள். தெரியாமல் செய்ததுதானே என்று சமாதானம் சொன்னேன். அது அவள் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாளாம். படத்தின் கதை, சர்வீஸ் நம்பர், அந்தப் பெண் சொன்னது, தான் போட்ட மார்க். சொல்லி முடித்துவிட்டு, “நான் செஞ்சதைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க? எழுதுங்க. பேரு வேண்டாம், மார்க் கிடையாது” என்று தாளைக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் நாற்பத்தொரு தாள்கள் வீட்டுக்கு வந்தன. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றாகப் படித்துத் தள்ளினாள். ‘தவறை ஒப்புக்கொள்வது பெரிய குணம்.’ ‘எங்கள் டீச்சரைப்போல யாரும் இல்லை.’ ‘இதிலிருந்து நேர்மையைக் கற்றுக்கொண்டோம்.’ முப்பதைத் தாண்டியதும் தாள்களை மேசைமேல் போட்டாள்.

“பாருங்க, மறுபடியும் என் முகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்காங்க.”

“மிச்சத்தையும் படிச்சுட்டுக் கோவப்படு” என்றேன்.

மிச்சத்தில் ஒன்றைப் படித்தவள் அப்படியே நிறுத்தினாள். பிறகு என்னிடம் நீட்டினாள். கோணல் கையெழுத்து, நாலே வரி.

‘அந்த அக்கா என்ன சொன்னார் என்று சொன்னீர்கள். வகுப்பில் சொல்ல அனுமதி கேட்டதையும் சொன்னீர்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.’

நான் அந்தச் சனிக்கிழமையை நினைவுபடுத்திப் பார்த்தேன். கேள்வி கேட்டாள், அனுமதி கேட்டாள், நன்றி சொன்னாள். அவ்வளவுதான். பக்கத்திலேயே நின்றிருந்த எனக்கும் அது தோன்றவில்லை.

“கேக்கலைங்க” என்றாள். “கிளாஸுக்கு நல்ல பாடம் ஒண்ணு கிடைச்சுதுன்னு கிளம்பி வந்துட்டேன். அப்பவும் அவளைப் பாடமாத்தான் பார்த்திருக்கேன்.”

மணி ஆறேகால். அந்தப் பரிசோதனை நிலையத்தை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இன்னும் இரண்டு சட்டை பாக்கி இருந்தது.

“நாளைக்குக் காலையில போலாமே” என்றேன்.

அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “ஏற்கெனவே எட்டு வருஷம் லேட்டு. வண்டியை எடுங்க.”