இரண்டு தளிக் குளிர்

'இமயமலைப் பயணங்களில் இருபது ஆண்டு நேரடி அனுபவம் பெற்ற வழிகாட்டி' என்று அச்சிட்ட அட்டையை நீட்டிவிட்டு, ஆஞ்சப்பன் டீயில் விரலைத் தொட்டு மேசையில் கோடு இழுக்கிறார்.

"இது ஓசூரு. பஸ்சுல பெங்களூரு, அங்க ரயிலு. சண்டிகர்ல இறங்கி கால்கா போனா, சிம்லாவுக்குச் சின்ன ரயிலு நிக்கும். ஜன்னல் சீட்டுக்குச் சண்ட போடாதீங்க, ரெண்டு பக்கமும் மலதான்."

குளிர் எவ்வளவு என்று கேட்டால், "நம்ம பக்கத்து ஊரு தளி குளிரு தெரியுமில்ல? அதுமேல இன்னொரு தளிய வச்சுக்க" என்பார். கூடவே ஓர் எச்சரிக்கை: "பனியில மட்டும் வெறுங்கால வச்சிராதீங்க. வெரலு கறுத்துரும்."

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையின் ஒரு மூலைதான் அலுவலகம். டிக்கெட், ஓட்டல், வண்டி எல்லாம் போனிலேயே ஏற்பாடு செய்வார். அவர் அனுப்பி யாரும் வழி தவறியதில்லை. ஆனால் வடக்கே அவர் கண்ட எல்லை, பெங்களூருக்கு அடுத்த தும்கூர். விவரமெல்லாம், முன்பு அவர் வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து மெஷினில் நின்ற சிம்லாக்காரர் சாப்பாட்டு வேளையில் சொன்னது. அட்டையிலுள்ள இருபது ஆண்டும் அந்த மனிதருடையதே. வேலை தேடி இங்கே வரும்வரை அவர் சொந்த ஊரில் வாழ்ந்த காலம்.

இந்தப் பொங்கல் லீவுக்கு வம்பு வந்தது. உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்யும் ரூபா, தோழிகளோடு வந்து நின்றாள்.

"நீங்க கூட வந்தாத்தான் வீட்டுல அனுப்புவாங்களாம்ண்ணா. இருபது வருஷமா போறவரு, உங்களுக்கென்ன."

மறுத்தால் சந்தேகம், போனால் குட்டு உடையும். உடைந்தால் அந்த மூலையில் இன்னொரு ஜெராக்ஸ் மெஷின்தான் நிற்கும். மனைவி நாராயணம்மா இரண்டு ஸ்வெட்டர்களை எடுத்து வைத்தாள்.

"உங்க கணக்குப்படி தளிக்கு ஒண்ணு. போயி முழிச்சுட்டு வாங்க."

பெரிய ரயிலில் ரூபா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் தூங்கியே பதில் சொன்னார். சின்ன ரயிலில் மட்டும் தூக்கம் வரவில்லை. ஜன்னல் சீட்டைப் பிடித்தவர் கடைசிவரை விடவேயில்லை.

சிம்லாவைத் தாண்டி, பனி மூடிய ஒரு சரிவில் வண்டி நின்றது.

"போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சாண்ணா?" ரூபா சிரிக்காமல் கேட்டாள்.

ஆஞ்சப்பன் வண்டிக் கதவைத் திறந்தார்.

"அப்ப இதவிட ஜாஸ்திம்மா."

சொல்லிவிட்டு ஷூவை அவிழ்த்தார். சாக்ஸைச் சுருட்டி அதற்குள் வைத்தார். வெறுங்காலோடு பனியில் இறங்கினார்.